நாலு காலும் தரையில் படாத படம்

“...கண்ணை இறுக்க மூடிக்கிட்டு காருக்குள்ள உக்காந்திருந்த எனக்கே இதைவிட நல்லாத் தெரிஞ்சுதே விஜி!”

ஸ்டெல்லா மிஸ் இதைச் சொன்னபோது என் கேமரா அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் இருந்த சின்னத் திரையில் ஒரு குதிரையின் வால். அதற்கு முந்தைய படத்திலும் வால். அதற்கும் முந்தையதில் குதிரை இன்னும் வந்தே சேரவில்லை. தடுப்புக் கட்டை மட்டும் யாருக்கோ காத்துக்கொண்டு நின்றது.

மிஸ் யாரென்று சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் எனக்குக் கணக்கு எடுத்தவர். தென்னூர்க்காரர். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அமைதியாகிவிடும். கணக்கில் நான் பாஸானதற்கு அறிவு காரணமில்லை, முழுக்க முழுக்கப் பயம். எனக்கே காதோரம் நரைத்து, ஸ்ரீரங்கத்தில் நாலு பேர் ‘போட்டோ மேடம்’ என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்த பிறகும், அவர் எதிரில் நின்றால் என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும். (அன்னைக்கும் கட்டிக்கிட்டுதான் நின்னேன். எங்க வீட்டுக்காரர் சாட்சி.)

நான் படம் எடுக்கப் படித்தவள் இல்லை. என் தங்கச்சி வளைகாப்புக்கு வரவேண்டிய போட்டோக்காரர் வரவில்லை. சித்தப்பா தன் கேமராவை என் கையில் திணித்து, “சும்மாதானே நிக்கிற, அமுக்கு” என்றார். அமுக்கினேன். அன்றிலிருந்து வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று அமுக்கிக்கொண்டே இருக்கிறேன். இந்தத் தொழிலில் பெரிய சௌகரியம், ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். “அப்படியே பிடிங்கக்கா... கைய எடுக்காதீங்க... இங்க பாருங்க... லேசா சிரிங்க” என்றால், போட வந்த நாத்தனார் வளையலும் கையுமாகச் சிலையாகிவிடுவார். சரியாக வரவில்லையா, “ஒன் மோர்!” அவ்வளவுதான். மாப்பிள்ளை தாலியோடு அந்தரத்தில் கையை நிறுத்திவைத்துக்கொண்டு, போட்டோக்காரர் தலையசைத்த பிறகு முடிச்சுப் போடுகிற ஊர் இது. (நல்ல நேரமெல்லாம் அதுக்கப்புறம்தான்.) உலகம் எனக்காக நிற்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்ததில் என் தப்பு பாதி, ஊர்த் தப்பு பாதி.

அந்த நம்பிக்கை நல்ல உச்சத்தில் இருந்த ஒரு சாயங்காலம் மிஸ் போன் செய்தார்.

“விஜி, நீ போட்டோ எடுக்கிறியாமே?”

“ஆமாங்க மிஸ்.” (எழுந்து நின்னுட்டேன்.)

“நம்ம ஜெனி குதிரையில தாண்டப் போறா. எடுக்கணும்.”

ஜெனி அவருடைய ஒரே மகள். கால்நடை டாக்டருக்குப் படித்தவள். எடமலைப்பட்டி புதூரைத் தாண்டி மதுரை ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு குதிரையேற்றக் கிளப்புக்கு வைத்தியம் பார்க்கப் போய், குதிரை மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கிளப்பில்தான் இப்போது தடை தாண்டும் போட்டி. வர்ணம் அடித்த கட்டைகளை இடுப்பு உயரம், மார்பு உயரம் என்று குறுக்கே வைத்திருப்பார்கள். குதிரை வரிசையாகத் தாண்ட வேண்டும். கட்டை விழுந்தால் புள்ளி போகும். அடுத்த மாதம் ஜெனி மேல்படிப்புக்கு வடக்கே போகிறாள். கேப்டன் என்ற அந்தக் குதிரையோ கிளப்புக்குச் சொந்தம். ஆக, இரண்டு பேரும் சேர்ந்து தாண்டப்போகிற கடைசிப் போட்டி இது.

இதில் மிஸ்ஸுக்கு என்ன கஷ்டம் என்றால், மகள் தாண்டி அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“முதல் முதல்ல பாக்கப் போனேன். விழுந்துட்டா. தோள்பட்டை எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில படுத்தா. நான் பாத்தா விழுறா விஜி.”

(ஒரு தடவை நடந்ததை வச்சு எந்த முடிவுக்கும் வரக்கூடாதுன்னு எங்களுக்கு நிகழ்தகவு நடத்தின வாய் அது!)

அதற்குப் பிறகும் ஒவ்வொரு போட்டிக்கும் போகிறார். காரைவிட்டு இறங்குவதில்லை. ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஜெனி வந்து கண்ணாடியைத் தட்டி, “முடிஞ்சிருச்சும்மா, முழுசா இருக்கேன்” என்றால்தான் திறப்பார்.

“வீடியோ இருக்குமே மிஸ்? அவ ஃபிரண்ட்ஸ் யாராச்சும் போன்ல எடுத்திருப்பாங்களே?”

“வீடியோ வேணாம். வீடியோல கீழ வந்துருவா. போட்டோல மேலயே இருப்பா.”

எத்தனையோ பேர் என்னிடம் போட்டோவைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். ‘கலரா காட்டுங்க’, ‘தொப்பையை மறைச்சிருங்க’, இப்படி. இந்த மாதிரி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

“நாலு காலும் தரையில படக்கூடாது. அவ மூஞ்சி தெரியணும். ஒண்ணே ஒண்ணு போதும். அவ ஊருக்குப் போறதுக்குள்ள நான் பாத்துடணும், அவ்வளவுதான்.”

ஓடுகிற எதையும் நான் எடுத்ததில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். “சரிங்க மிஸ்” என்றேன். அவரிடம் எனக்கு வேறு பதில் சொல்லிப் பழக்கமில்லை.

பயிற்சி எடுத்தேன். முதலில் தில்லை நகர் கிராஸ் ஒன்றில் நின்று, போகிற வருகிற ஆட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். ஓர் ஆட்டோக்காரர் ஓரங்கட்டி, “எந்தக் கேஸுங்க மேடம்? நான் சிக்னல்ல நின்னுதாங்க வந்தேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டதும் வீட்டுக்கு வந்துவிட்டேன். மிச்சம் இருந்தவர் என் வீட்டுக்காரர். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு லைட் பிடிப்பவர். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்து, வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி, தாண்ட வைத்தேன். “ரெடி, ஒன், டூ, த்ரீ!” தாண்டினார். “ஒன் மோர்!” மறுபடி தாண்டினார்.

எதிர்வீட்டு மாமி மாடியில் வடகத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏண்டிம்மா விஜி, ஏதாவது பிரார்த்தனையா? அங்கப்பிரதட்சணம் கேள்விப்பட்டிருக்கேன். வாளி தாண்டறது புதுசா இருக்கே?”

படங்கள் அபாரமாக வந்தன. வேட்டி நுனி காற்றில் பறக்க, இரண்டு காலும் மேலே, முகத்தில் தெய்வீகமான புன்னகை. இவரையே இப்படி எடுக்க முடிந்தால் குதிரை எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் நான் த்ரீ சொன்ன பிறகுதான் தாண்டினார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

போட்டி அன்று காலை நான் முதன்முதலாக ஒரு குதிரையைப் பக்கத்தில் பார்த்தேன். ஊர்வலத்திலும் கடற்கரையிலும் பார்ப்பதெல்லாம் வேறு. கேப்டன் கறுப்புக் காப்பி நிறம். தோலுக்கு அடியில் எலி ஓடுவது மாதிரி தசை ஓடியது. அது மூச்சு விட்டபோது என் புடவைத் தலைப்பு அசைந்தது. ஒரு ஆள் அளவு கழுத்து. அதன் முடிவில், யாரோ நேற்று அழவைத்துவிட்ட மாதிரி ஈரமான பெரிய கண். அதில் நான் கேமராவோடு சின்னதாகத் தெரிந்தேன். இத்தனை பெரிய உடம்பு எப்படித் தரையைவிட்டு எழும்பும்? அதன் மேல் நம்ம ஜெனி, காய்கறிக் கடையில் கூடையோடு நிற்பவள் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, அவனைத் துரத்திக்கிட்டே கேமராவைத் திருப்பாதீங்க. தாண்டுற கட்டையைக் குறி வச்சிருங்க. அவனே உள்ள வந்துருவான்” என்றாள்.

இத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும் கெடுக்க வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். அது எங்களிடம் குடும்பமாக இருந்தது.

முதல் வேட்டு என் வீட்டுக்காரர் கையால். எங்களிடம் ரிஃப்ளெக்டர் என்று ஒன்று உண்டு. வெயிலை வாங்கி மணப்பெண் முகத்தில் அடிக்கிற வெள்ளித் துணி வட்டம். மடித்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு. பையைவிட்டு எடுத்தால் ‘படீர்’ என்று மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு விரியும். வளைகாப்பு வீட்டில் இந்தச் சத்தத்துக்குக் குழந்தைகள் கைதட்டும். ஜெனி முகத்தில் நிழல் விழுவதைப் பார்த்த அவர், கடமை உணர்ச்சி பொங்க, கேப்டனுக்கு எதிரில் நின்று அதை விரித்தார்.

கேப்டன் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நின்ற இடத்திலிருந்து அப்படியே பக்கவாட்டில் ஒரு அறை அகலத்துக்குத் தாவியது. மண் தெறித்தது. ஜெனி மட்டும் அதன் முதுகில் தைத்து வைத்த மாதிரி இருந்தாள். குனிந்து கழுத்தைத் தட்டி ஏதோ சொன்னாள். அந்த மலை அடங்கியது.

மைக்கில் குரல் வந்தது. “வெள்ளித் தட்டு வச்சிருக்கிற சார்... தயவுசெஞ்சு மூடுங்க சார்.”

அதை மூடுவது தனி வித்தை. எட்டுப் போட்டு முறுக்க வேண்டும். ஊரே பார்க்கும்போது முறுக்கினால் வராது. இவர் இந்தப் பக்கம் மடித்தால் அது அந்தப் பக்கம் எழுந்தது. “மூட மாட்டேங்குதுங்க!” என்று மைக்குக்குப் பதில் சொன்னார். கடைசியில் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். போட்டி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தால் விரிந்துவிடும். (“நல்லவேளை மிஸ் காருக்குள்ள இருந்தாங்க”ன்னு சொன்னார், பாவம்.)

ஜெனியின் முறை வந்தது. மணி அடித்தார்கள்.

அந்தச் சத்தம் காதுக்கு முன்னால் காலுக்கு வந்தது. செருப்பு வழியாகத் தரை அதிர்வது தெரிந்தது. அப்புறம்தான் குளம்புச் சத்தம். முதல் தடுப்பு. நான் பழக்கதோஷத்தில், “அப்படியே... அப்படியே...” என்று முணுமுணுத்துக்கொண்டே அமுக்கினேன். படத்தில் கட்டை மட்டும். குதிரை வருவதற்கு முன்பே நான் முடித்துவிட்டேன். இரண்டாவது தடுப்பில் அவசரப்படக்கூடாது என்று காத்திருந்தேன். வால். மூன்றாவதிலும் வால். பட்டனை அமுக்கிப் பிடித்தால் கேமரா தானாகவே டகடகவென்று எடுத்துத் தள்ளும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் விரலுக்குத்தான் தெரியவில்லை. அது ஒரு தட்டு, ஒரு சிரிப்பு என்று பழகின விரல். நடுவில் ஒரு தடுப்பின் இரண்டு பக்கமும் செவ்வந்தித் தொட்டிகள் வைத்திருந்தார்கள். பூ அலங்காரம் கண்ணில் பட்டால் குறி தானாக அங்கே போய்விடும் எனக்கு. ஒவ்வொரு இதழும் துல்லியமாக வந்த அருமையான படம் அது. பின்னால் கறுப்பாக ஏதோ புகை மாதிரி போகிறது. அந்தப் புகைதான் ஜெனியும் கேப்டனும்.

கடைசித் தடுப்பு எனக்கு நேர் எதிரே. இதை விட்டால் வேறில்லை. கேமராவைக் கண்ணில் வைத்துக் கட்டையைக் குறி வைத்தேன். விரல் பட்டன் மேல். தரை அதிர்ந்தது. தடதடவென்று வந்தது, வந்தது, வந்தது...

சத்தம் நின்றது.

அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அத்தனை இடியும் ஒரே வெட்டில் நின்றது. எழும்பின குதிரைக்குச் சத்தம் கிடையாது. மடங்கின முன்னங்கால்கள், அடியில் தகதகவென்று வேர்த்த வயிறு, அந்தப் பெரிய உடம்பு முழுக்க என் தலை உயரத்தில், அதைத் தாங்குவதற்கு எதுவுமே இல்லாமல். ஜெனி அதன் கழுத்தோடு கழுத்தாகக் குனிந்திருந்தாள். கேமரா எப்போது என் கண்ணிலிருந்து இறங்கியது என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்துகொண்டு வெறும் கண்ணால் பார்த்தேன். கோயில் கோபுரத்தை முதல் முதலாகப் பார்த்த குழந்தை அப்படித்தான் பார்த்திருக்கும். மறுபடி இடி கேட்டபோது அவர்கள் தரையில் இருந்தார்கள், என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் நான் அதைச் செய்தேன். வேகமாகப் போகிற குதிரையைப் பார்த்து, கல்யாண மண்டபத்துக் குரலில், முழுத் தொண்டையில் கத்தினேன்:

“ஒன் மோர்!”

பந்தலுக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தொப்பி போட்ட ஒரு பெரியவர், “அது என்ன வளைகாப்பாம்மா?” என்றார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

ஆனால் பாருங்கள், மைக்கில் அறிவித்தார்கள்: ஒரு கட்டைகூட விழாமல் தாண்டிய மூன்று பேர், ஜெனியும் சேர்த்து, சமமாக இருக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் அவர்கள் இன்னொரு சுற்று வருவார்கள். கேட்டால் கொடுக்கிற விளையாட்டு இது என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஜெனி குதிரையைவிட்டு இறங்க முடியாது. அதனால் கார்க் கண்ணாடியைத் தட்டுகிற வேலை எனக்கு வந்தது. மிஸ் கண்ணைத் திறந்தார். இறங்கினார். என் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

“இது என்ன?”

“வால், மிஸ்.”

“இது?”

“அதுவும் அதான், மிஸ்.”

“இந்தக் குதிரைக்கு முன்பக்கம்னு ஒண்ணு உண்டா?”

“உண்டு மிஸ். நான் பாத்தேன்.”

அதற்குத்தான் முதலில் சொன்ன அந்த வார்த்தையைச் சொன்னார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் படத்திலிருந்து மறுபடியும் தள்ளிப் பார்த்தார். அந்த ஒரு படத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தார் என்பது அந்தத் தேடலில் தெரிந்தது. கை கட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் இது ஓய்ந்தபாடில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைத் தவறவிட்டால், “வால் கிடைச்சுதா விஜி?” என்பார் வீட்டுக்காரர். தாமதமாகப் போய்ச் சாமி புறப்பாட்டைக் கோட்டைவிட்டால், எதிர்வீட்டு மாமிகூட, “வாலாவது சேவிச்சியோ?” என்கிறார். அந்த வால் படங்களில் ஒன்று பெரிதாக்கிச் சட்டம் போட்டு மிஸ் வீட்டு ஹாலில் தொங்குகிறது. என்னைக் குத்திக்காட்ட ஜெனி செய்த வேலை. வருகிறவர்கள், “ஏங்க, குதிரையோட மீதி எங்க?” என்று கேட்பார்கள். “மீதிய நான் பாத்துட்டேன்” என்பார் மிஸ்.

ஏனென்றால் அன்றைக்கு, அந்தக் காருக்குப் பக்கத்தில், வேறு சொல்ல ஒன்றும் இல்லாமல் நான் நிஜத்தைச் சொன்னேன்.

“எடுக்கல மிஸ். பாத்துட்டேன். கை ஓடல.”

மிஸ் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“எப்படி இருந்துச்சு?”

“சத்தமே இல்ல மிஸ். அதுவரைக்கும் தடதடன்னு வருது. மேல போனதும் ஒண்ணுமே இல்ல. அவ அது கழுத்துல குனிஞ்சு ரகசியம் சொல்ற மாதிரி இருந்தா.”

“பயந்தாளா?”

“தெரியல மிஸ்.”

“பாத்தேங்கிற. மூஞ்சில என்ன இருந்துச்சு? சிரிச்சாளா, பயந்தாளா?”

“அவ்வளவுதான் மிஸ் எனக்குப் பாக்கத் தெரியும். நீங்க பாத்தா தெரியும்.”

மைக்கில் ஜெனியின் பெயரைச் சொன்னார்கள். மிஸ் காரைத் திரும்பிப் பார்த்தார். கதவு திறந்தேதான் இருந்தது. ஜெபமாலையைக் கைக்கு இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, முதுகால் தள்ளிக் கதவைச் சாத்தினார். என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேனா, அவர் என்னை இழுத்துக்கொண்டு போனாரா, தெரியாது. கடைசித் தடுப்புக்கு எதிரே கயிற்றை ஒட்டிப் போய் நின்றோம். கேமரா அவர் கழுத்திலேயே இருந்தது. இரண்டு பேருக்கும் அதன் நினைவே இல்லை.

மணி அடித்தது. முதல் தடுப்புக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். என் மணிக்கட்டில் நகம் இறங்கியது. இரண்டாவதுக்கு ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் ஜெனி சட்டென்று திரும்பி, குறுக்கு வழியில், முதல் சுற்றைவிட வேகமாக, நேராக எங்களைப் பார்த்து வந்தாள். தரை அதிர்ந்தது. நான் ஓரக்கண்ணால் மிஸ்ஸைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. இமை அசையவில்லை. வந்தது, வந்தது. சத்தம் நின்றது.

பின்னங்கால் கட்டையில் ‘டொக்’ என்று பட்டது. கட்டை விழுந்ததா நின்றதா என்று நான் பார்க்கவில்லை. முட்டி வலியால் மாடி வகுப்பு வேண்டாமென்று எழுதிக் கேட்டுக் கீழ் வகுப்பை வாங்கிய மிஸ், கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு, ஜெபமாலையோடு, என் கேமராவோடு, என் கையையும் மேலே இழுத்துக்கொண்டு எழும்பினார். இரண்டு காலும் தரையில் இல்லை.

கேப்டன் முதலில் இறங்கியது. மிஸ் கொஞ்சம் கழித்துத்தான் இறங்கினார்.